பசுமை ஏறும் சரிவில் கருங்கரடி

மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க மாநிலமான மொன்டானாவின் மேற்கில் மலைச்சரிவு ஒன்றை அடிவாரத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் மூன்று பட்டைகள் தெரியும். உச்சியில் இன்னும் கரையாத பனி. பள்ளத்தாக்கில் கணுக்காலை மறைக்கும் புல். இரண்டுக்கும் நடுவே, பனி விலகிச் சில நாட்களே ஆன ஈர மண்ணில் அப்போதுதான் தலைகாட்டும் இளந்தளிர். கருங்கரடியைத் தேடிப் போகும் வேட்டைக்காரர் முதலில் பார்ப்பது அந்த நடுப்பட்டையைத்தான். கரடி எங்கே இருக்கும் என்று கேட்டால், இந்த வாரம் அதன் வயிற்றுக்கு எது ஒத்துவருமோ அங்கே இருக்கும்.

இது நம் காடுகளில் கறையான் புற்றைத் தோண்டும் கரடி அல்ல. அமெரிக்கக் கருங்கரடி வேறு இனம். அலாஸ்காவிலிருந்து புளோரிடா வரையிலும், தெற்கே மெக்சிகோவின் மலைகளிலும் பரவி வாழ்வது. பெயர்தான் கருங்கரடி. மேற்கு மாநிலங்களில் பழுப்பு, இலவங்கப்பட்டை நிறம், வைக்கோல் நிறம் என்று பல நிறங்களில் திரியும். இந்தியாவில் 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கதவை அடைத்துவிட்டது. அமெரிக்காவில் வேறு ஏற்பாடு. அங்கே காட்டு விலங்குகள் மக்களின் பொதுச் சொத்து. எந்த மாவட்டத்தில், எந்தத் தேதியில், யார் சுடலாம் என்பதை மாநில அரசுகள் உரிமச் சீட்டு கொடுத்து முடிவு செய்கின்றன.

மேற்கு மாநிலங்களில் அந்த வேட்டை பெரும்பாலும் பொது நிலத்தில் நடக்கிறது. கூட்டரசின் வனத்துறையின் கையில் மட்டும் ஏறத்தாழ 19.3 கோடி ஏக்கர் தேசியக் காடுகள் இருக்கின்றன. தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் வேட்டைக்குத் தடை. தேசியக் காடுகளிலோ, உரிமம் வைத்திருக்கும் எவரும் யாரிடமும் கைகட்டி நிற்காமல் நடந்து நுழையலாம். அந்த வனத்துறை 1905-இல் அமைந்தபோது அதிபராக இருந்தவர் தியோடர் ரூஸ்வெல்ட். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு மிசிசிப்பி மாநிலத்தில், நாய்களைக் கொண்டு துரத்திப் பிடித்து மரத்தில் கட்டிவைத்த கரடி ஒன்றைச் சுடும்படி அவரிடம் சொன்னார்கள். அது வேட்டை ஆகாது என்று மறுத்துவிட்டார். காயம்பட்டிருந்த கரடியை வேதனை தீரக் கத்தியால் கொல்லச் சொன்னார். அந்தச் செய்தி கேலிச்சித்திரமாக வந்து, பிறகு ‘டெடி பேர்’ பொம்மையாக உலகெங்கும் போனது. தேடிக் கண்டடைவதே வேட்டை என்ற அந்தப் பிடிவாதத்தின் சாயல் மொன்டானாவின் விதிகளில் இன்றும் உண்டு. இரை வைத்துக் கரடியை வரவழைப்பதற்கு அங்கே தடை. பக்கத்து மாநிலமான ஐடஹோவில் பல பகுதிகளில் அதற்கு அனுமதி உண்டு. ஆகவே மொன்டானாவில் இடம் தெரியாதவருக்குக் கரடியும் தெரியாது.

கரடியின் வயிற்றுக்கு வருவோம், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. ஐந்து மாதங்களுக்கு மேல் குகையில் உண்ணாமல், குடிக்காமல் கிடந்த விலங்கு அது. ஏப்ரலில் வெளியே வந்ததும் இறைச்சிக்குப் பாயும் என்று நினைப்போம். உண்மையில் அது மாடுபோல மேயத் தொடங்குகிறது. ஆனால் மாட்டுக்கு இருக்கும் அசைபோடும் வயிறு கரடிக்கு இல்லை; முற்றிய புல்லின் நாரை அதனால் செரிக்க முடியாது. முளைத்துச் சில நாட்களே ஆன தளிரில் புரதம் அதிகம், நார் குறைவு. அது மட்டுமே அதற்குக் கட்டுப்படியாகும். புல் முற்ற முற்ற, கரடி அதை விட்டுவிட்டு இன்னும் உயரத்தில் புதிதாய்த் துளிர்த்த இடத்துக்கு ஏறுகிறது. ஏப்ரல் இறுதியில் அடிவாரத்தில் மேய்ந்த கரடி, ஜூன் தொடக்கத்தில் பல நூறு மீட்டர் மேலே நிற்பது இதனால்தான். போன வாரம் கரடி பார்த்த இடத்திலேயே இந்த வாரமும் போய் உட்காருபவர் பெரும்பாலும் வெறும் புல்லைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்.

எந்தச் சரிவு முதலில் துளிர்க்கும்? நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழும் நமக்கு இது தோன்றாது. 45 டிகிரிக்கு வடக்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கு வானில் சாய்ந்தே நிற்கிறது. தெற்கு முகம் காட்டும் சரிவில் வெயில் நேராக விழுந்து பனி முதலில் கரையும். அதே மலையின் வடக்கு முகத்தில் அப்போதும் இடுப்பளவு பனி கிடக்கும். பனிச்சரிவுகள் ஆண்டுதோறும் மரங்களை முறித்துத் திறந்துவிட்ட ஓடைத் தடங்களும் அப்படியே. நிழலில்லாத அந்தப் பட்டைகளில் ஈரமும் வெயிலும் சேர்ந்து தளிர் வெடித்துக் கிளம்பும்.

இதைவிட எளிதான இடமும் ஒன்று உண்டு. மரம் வெட்ட அமைத்து, பிறகு கதவு போட்டு மூடிய பழைய காட்டுச் சாலைகள். மண் அரிக்காமல் இருக்க அவற்றில் புல்லும் க்ளோவர் என்ற தீவனச் செடியும் விதைத்திருக்கிறார்கள். வெயில் படும், காலடி மென்மையாக இருக்கும், சாலை நெடுக உணவு. எந்தச் சாலையில் வண்டி போகலாம், எதில் கூடாது என்பதை வனத்துறையே வரைபடமாக அச்சிட்டு இலவசமாகத் தருகிறது. மூடிய கதவைத் தாண்டி நடக்கத் தடையில்லை. ஆனால் பெரும்பாலானோர் வண்டி நிற்கும் இடத்தோடு நின்றுவிடுகிறார்கள். கரடிகளுக்கும் அது தெரியும்.

அங்கே நடக்கும்போது தரையைப் படிக்க வேண்டும். வசந்தத்தில் கரடியின் எச்சம் பச்சையாக, புல் நாராக இருக்கும். பளபளப்பும் ஈரமும் இருந்தால் இன்றையது. மேலே காய்ந்து பழுத்திருந்தால் பழையது. டான்டெலியன் பூக்களின் தலை மட்டும் கொய்யப்பட்டு வெறும் தண்டு நிற்கும். எறும்புக்காகக் கற்கள் புரட்டப்பட்டிருக்கும். கல் கிடந்த பள்ளத்தில் மண் இன்னும் கறுப்பாக ஈரமாக இருந்தால் கரடி தொலைவில் இல்லை. பாதையோர மரத்தில் முதுகைத் தேய்த்த இடத்தில், பிசினில் ஒட்டிய முடியும் உண்டு.

பிறகு உட்காருவது. எதிர்ச் சரிவில், கரடி மேயக்கூடிய பசுமையைப் பார்த்தபடி, பைனாகுலரோடு, பொழுது சாயும் கடைசி மணிநேரங்களில். கரடியின் பார்வையை ஏமாற்றிவிடலாம், மோப்பத்தை ஏமாற்ற முடியாது. மலையில் பகல் வெப்பத்தில் காற்று மேலே ஏறும், மாலையில் குளிர்ந்து பள்ளத்தாக்குக்கு இறங்கும். மாலையில் கரடிக்கு மேலே நின்றால் மனித வாடை நேராக அதனிடம் போய்ச் சேரும். ஆகவே காற்றையும் கணக்கில் எடுத்துத்தான் உட்காரும் பாறையைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இலையுதிர் காலத்தில் வரைபடம் முழுக்க மாறிவிடும். குளிருக்குக் கொழுப்புச் சேர்க்கும் அந்த மாதங்களில் ஒரு கரடி நாளொன்றுக்கு 20,000 கலோரி வரை தின்னும். வடமேற்கில் அதற்கு முதல் ஆதாரம் ஹக்கிள்பெரி என்ற காட்டுப்பழம். அடர்ந்த நிழலில் அந்தச் செடி சரியாகக் காய்க்காது. தீயால் திறந்த சரிவுகளில் கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். 1910 ஆகஸ்டில் ஐடஹோ, மொன்டானாவில் ஏறத்தாழ 30 லட்சம் ஏக்கரை எரித்த பெருந்தீயும் அதன் பின்வந்த தீக்களும் அப்படிப்பட்ட சரிவுகளைத் திறந்துவிட்டன. பழைய தீ எல்லைகளைத் தேடிப் பார்க்கும் பழக்கம் வேட்டைக்காரர்களிடம் இருப்பது இதனால்தான். கிழக்கே அப்பலாச்சியன் மலைகளில் அந்த இடத்தில் இருப்பது ஓக் மரக் கொட்டை. விளைச்சல் நன்றாக இருந்தால் கரடி ஒரு மலைமுகட்டை விட்டு நகராது. பொய்த்தால் உணவு தேடி மைல் கணக்கில் அலையும்.

காட்டைப் படித்தால் மட்டும் போதாது, பட்டாவையும் படிக்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் ரயில்பாதை போட அரசு நிலம் வழங்கியபோது, ஒரு சதுர மைல் தனியாருக்கு, அடுத்தது அரசுக்கு என்று சதுரங்கக் கட்டம்போல் பிரித்துக் கொடுத்தது. மேற்கில் பல இடங்களில் பொது நிலம் தனியார் நிலத்துக்கு நடுவே இன்றும் சிக்கிக் கிடக்கிறது. இரண்டு பொதுக் கட்டங்கள் ஒரு மூலையில் தொட்டுக்கொள்ளும்போது அந்தப் புள்ளியைத் தாண்டலாமா? 2021-இல் வயோமிங்கில் நான்கு வேட்டைக்காரர்கள் ஏணி வைத்து அப்படித் தாண்டினார்கள். நில உரிமையாளர் வழக்குத் தொடுத்தார். 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பொது நிலம் பெயரளவில் மட்டும் பொதுவாக இருக்கக் கூடாது என்று நினைப்பவர்களுக்கு அது பெரிய வெற்றி. ஆனால் தீர்ப்பு அந்த நீதிமன்ற எல்லைக்குட்பட்ட ஆறு மாநிலங்களுக்கே பொருந்தும். மொன்டானா அதில் சேராது.

மொன்டானாவில் இன்னொரு கட்டாயமும் உண்டு. கரடி உரிமம் வாங்க, கருங்கரடிக்கும் கிரிஸ்லி என்ற இன்னொரு வகைக் கரடிக்கும் வேறுபாடு காணும் தேர்வில் தேற வேண்டும். அலாஸ்கா நீங்கலாக, கிரிஸ்லி 1975 முதல் அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களுக்கான சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. நிறத்தை நம்ப முடியாது. தோளின் திமில், குழிந்த முகம், நீண்ட முன்நகங்கள், குட்டையான வட்டக் காதுகள் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். குட்டியோடு திரியும் தாயைச் சுடுவதும் குற்றம். தாய் மேயும்போது குட்டிகள் மரத்தில் ஏறி மறைந்திருக்கும் என்பதால், தனியாகத் தெரியும் கரடி தனிக் கரடிதான் என்று சொல்லிவிட முடியாது. தாயை இழந்த குட்டிகளின் நிலை கொலராடோ மக்களை மிகவும் உறுத்தியது. 1992-இல் வாக்கெடுப்பின் மூலம் வசந்த வேட்டையையே அங்கே நிறுத்தினார்கள். தெளிவாகத் தெரியும் திறந்த சரிவைத் தேர்ந்தெடுத்து, துப்பாக்கியைத் தொடாமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பதே இதற்குள்ள ஒரே நேர்மையான வழி.

கடைசியாகத் தூரம். தடித்த முடியும் கொழுப்பும் உடல் சூட்டை விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். மே மாத வெயிலில் உடனே தோலுரித்துக் குளிரவிடாவிட்டால் இறைச்சி கெட்டுவிடும். ஆகவே வண்டியிலிருந்து எத்தனை மைல் உள்ளே போகலாம் என்பதை, முதுகில் சுமந்து எத்தனை நடை திரும்ப முடியும் என்பதைக் கொண்டே முடிவு செய்கிறார்கள். வீட்டுக்கு வந்த இறைச்சியில் ட்ரிக்கினெல்லா என்ற நுண்புழு இருக்கக்கூடும். வடக்கே காணப்படும் அதன் ஒரு வகை உறைபெட்டிக் குளிரிலும் சாகாது. உள்சூடு 71 டிகிரி செல்சியஸைத் தொடும்வரை வேகவைத்த பிறகே அது தட்டுக்கு வர வேண்டும்.