உழைச்செல்வான்: ஒரு பழஞ்சொல்லும் நமது பிழைப்பும்

மெரிலேண்ட்ஸில் வார இறுதியில் தமிழ் பயிலும் பிள்ளைகளுக்கு, 'எனது தந்தையார்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதிவருமாறு அண்மையில் பணித்திருந்தோம். பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி, தந்தையாரின் தொழிலைக் குறிக்குமிடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தாள். காரணம் வினவினோம். "அப்பாவிட்டைக் கேட்டனான் சேர். தமிழிலை அதுக்குச் சொல் இல்லை, ஆஸ்பத்திரியிலை வேலை எண்டு எழுது எண்டு சொன்னவர். ஆனா அவர் ஆஸ்பத்திரியிலை வேலை செய்யேல்லையே" என்றாள்.

அத்தந்தையாரை நாம் அறிவோம். யாழ்ப்பாணத்தில் வங்கியொன்றில் எழுதுவினைஞராக இருந்தவர். இங்கே முதியோர் இல்லம் ஒன்றில் இரவு வேலை. எழ இயலாதவர்களைப் புரட்டிக் கிடத்துவதும், கழுவித் துடைப்பதும், உணவூட்டுவதும், உறக்கம் வராதவர்களின் கையைப் பற்றிக்கொண்டு அமர்ந்திருப்பதும் அவரது கடமைகள். மகளை அழைத்துச் செல்ல வந்தவரிடம் மெல்லக் கேட்டோம். "வேறை என்னத்தை மாஸ்ரர் சொல்லுறது? அங்கை எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தர ஒரு பியோன் இருந்தவர். இங்கை நான் ஒரு எடுபிடி. இதைப் பிள்ளை கொப்பியிலை எழுதவேணுமோ?" என்றார்.

சொல் இல்லை என்று அவர் கூறியது சரியன்று. சொல் உண்டு. அதுவும் திருக்குறளிலேயே உண்டு.

'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கிறது: நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான். 'உழை' என்பதற்குப் பக்கம், அருகு என்பது பொருள். மான் வகையொன்றுக்கும், ஏழிசையுள் நான்காவதற்கும் அதே பெயர் உண்டு. 'உழைப்பு' என்னும் சொல்லோடு இதனை மயக்கலாகாது. நோயாளியின் பக்கத்தே நின்று மருந்தைப் பிழையாது கொடுத்துப் பேணுபவனே உழைச்செல்வான். அவனுக்கு நான்கு பண்புகள் வேண்டுமென்று பரிமேலழகர் உரை வகுக்கிறது: நோயாளியிடத்து அன்பு, மனமொழி மெய்களின் தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் வல்லமை, அறிவு. வடமொழியில் சரகர் இயற்றிய மருத்துவ நூலும் இதே நான்கு கூறுகளைச் சொல்லும். அங்கே இவருக்குப் பெயர் 'உபஸ்தாதா', அருகே நிற்பவர்.

இன்னொன்றும் கருதத்தக்கது. 'அமைச்சு' அதிகாரத்தின் 638ஆம் குறளில், அரசனுக்கு உறுதி கூறக் கடமைப்பட்ட அமைச்சனை வள்ளுவர் 'உழையிருந்தான்' என்கிறார். அரசனின் பக்கத்தில் இருப்பவனுக்கும் நோயாளியின் பக்கத்தில் செல்பவனுக்கும் அவர் வழங்கியது ஒரே 'உழை'தான்.

சொற்கள் தாழ்ந்த கதை

பணிசெய்வோரைக் குறிக்கும் நமது பழஞ்சொற்கள் பலவும் முதலில் இழிவைச் சுட்டியவையல்ல. அருகில் இருப்பவர் அணுக்கர். சுற்றி வந்து பேணுபவர் பரிசாரகர். கோவில்களில் நைவேத்தியம் ஆக்குபவருக்கும் பூசைக்குத் துணைநிற்பவருக்கும் இப்பெயர் வழங்கும். அரசருக்கு வெற்றிலைப் பை ஏந்தியவர் அடைப்பைக்காரர். அரசர் வாயில் இடுவதைத் தன் கையால் கொடுப்பவர், பெரும் நம்பிக்கைக்கு உரியவராகவே இருந்திருக்க வேண்டும். 'சேவகன்' என்னும் சொல்லுக்கு வீரன் என்ற பொருளும் உண்டு.

'ஊழியம்' என்னும் சொல்லின் வரலாறு நம்மவர்க்கு மிக அண்மையது. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆண்ட காலத்தில் (1658 - 1795), சில சாதியார் அரசுக்குக் கூலியின்றிச் செய்யக் கட்டாயப்படுத்தப்பட்ட வேலைக்கு ஊழியம் என்று பெயர். அதே சொல் கிறித்தவ மக்களிடையே இறைபணியைக் குறிக்கிறது. இன்று 'அரச ஊழியர்' என்றால் கலியாணச் சந்தையில் மாப்பிள்ளைக்கு மதிப்புக் கூடுகிறது. ஒரே சொல் தாழ்ந்தும் உயர்ந்தும் வந்திருக்கிறது. அதனைத் தாழ்த்தியதும் உயர்த்தியதும் வேலையின் தன்மையன்று. அதற்குக் கிடைத்த கூலியும், அதைச் செய்தவர் யார் என்பதுமே.

இவ்விடத்தில் நம்மை நாமே மறைக்கலாகாது. பிறர் உடலையும் அழுக்கையும் தொடும் வேலைகளை ஒரு சிலரின் தலையில் சுமத்தி, அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்திய சமூகம் நமது. முதியவர் ஒருவரைக் கழுவித் துடைக்கும்போது நம்மவர் மனம் கூசுகிறதென்றால், அக்கூச்சத்தை மூட்டையில் கட்டி ஊரிலிருந்தே கொண்டுவந்திருக்கிறோம். இங்குள்ள முதியவர் நமது சாதியைக் கேட்பதில்லை. தண்ணீர் சூடாக இருக்கிறதா, கை மெதுவாகப் படுகிறதா என்பனவே அவருக்கு வேண்டியவை.

வேலையைக் குறைத்து மதிக்கும் வழக்கம் இந்நாட்டிலும் இருந்தது. அவுஸ்திரேலியாவின் ஃபெயார் வேர்க் ஆணைக்குழு, முதியோர் பராமரிப்பில் நேரடியாக ஈடுபடுவோரின் அடிப்படைச் சம்பளத்தை 15 வீதம் உயர்த்தியது. அது 2023 ஜூன் 30 முதல் நடைமுறைக்கு வந்தது. பெண்களே பெரும்பாலும் செய்துவந்த தொழில் என்பதால் இது காலங்காலமாகக் குறைத்து மதிப்பிடப்பட்டது என்பதை 2024 மார்ச்சில் வழங்கிய தீர்ப்பில் அவ்வாணைக்குழு ஏற்றுக்கொண்டது. மறதி நோயால் கலங்குபவரைத் தேற்றுவது, பேச முடியாதவரின் முகத்தைப் பார்த்து நோவை அறிவது போன்றவை கண்ணுக்குத் தெரியாத திறன்கள், ஆயினும் திறன்களே. பரிமேலழகர் உரை அன்போடு அறிவையும் சேர்த்தே கேட்டது இதனாற்றான் போலும்.

அழகிய சொல்லொன்றைக் கண்டெடுத்தமையால் இரவு வேலையின் அலுப்புத் தீராது; நாரி நோவு குறையாது. ஊரில் பெற்ற பட்டமும் பதவியும் இங்கு எடுபடாமற் போன துயரமும் பொய்யன்று. அதனை எவரும் சிறிதென்று கூறலாகாது. ஆயினும், வங்கி வேலையை இழந்த துக்கம் வேறு. இப்போது செய்யும் வேலையைப் பிள்ளையிடம் ஒளிக்கும் வெட்கம் வேறு. முன்னையதற்கு நம்மிடம் மருந்தில்லை. பின்னையதை இன்றே விட்டுவிடலாம். நாம் நமது தொழிலை எந்தச் சொல்லால் குறிக்கிறோமோ, அந்தச் சொல்லாலேயே நம் பிள்ளைகள் நம்மை அளப்பார்கள்.

ஆகவே, படிவங்களிலும் ஊருக்கு எழுதும் கடிதங்களிலும் இத்தொழிலைக் குறிக்க நேர்ந்தால் 'எடுபிடி' என்றோ 'சும்மா ஒரு வேலை' என்றோ கூறாதிருப்போம். இன்றைய வழக்கில் 'பராமரிப்பாளர்' என்பது எல்லோருக்கும் விளங்கும் நல்ல சொல். அதன் மூத்த உறவு உழைச்செல்வான் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போம்.

இவற்றையெல்லாம் அத்தந்தையாரிடம் வாகனத் தரிப்பிடத்தில் நின்றே கூறினோம். அவர் மறுமொழி எதுவும் சொல்லவில்லை. அடுத்த கிழமை கொப்பி திரும்பி வந்தது. வெற்றிடம் நிரம்பியிருந்தது: 'என் அப்பா முதியோர் பராமரிப்பாளர். இரவில் பயப்படுகிற ஆட்களுக்குப் பக்கத்தில் இருப்பார்.' இரண்டாவது வசனம் நாம் சொல்லிக் கொடுத்ததன்று. சிவப்புப் பேனைக்கு அங்கே வேலை இருக்கவில்லை.