பெசன்ட் நகரில் நாலு நாள்

முதுகுப்பையோடு சென்னையில் வந்து இறங்கும் இளைஞர்கள் பெரும்பாலும் மறுநாளே கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் பிடித்துவிடுகிறார்கள். மாமல்லபுரம், புதுச்சேரி, இல்லையென்றால் ரயிலேறி கோவா. இதற்கு உள்ளூர்க்காரர்களும் உடந்தை. வெயிலும் டிராஃபிக்கும் தவிர இங்கே என்ன இருக்கிறது என்று நாமே வழியனுப்பி வைக்கிறோம். வெயிலும் கடலும் வேண்டும், அவசரம் வேண்டாம் என்று வருகிற ஒருவருக்கு மயிலாப்பூரிலிருந்து திருவான்மியூர் வரைக்குமான கரைதான் பொருத்தம் என்பது என் கட்சி. அழகில் இது மற்றக் கரைகளை மிஞ்சிவிடும் என்று சொல்ல வரவில்லை. உல்லாசக் கடற்கரை, வருகிறவர்களை நம்பிப் பிழைக்கிறது. அதனால் படகில் ஏறு, பாராசூட்டில் பற என்று அவர்களை உட்கார விடாது. இந்தக் கரைக்கு வேறு பிழைப்பு இருக்கிறது. வந்தவர் சும்மா இருந்தால் இங்கே யாருக்கும் நஷ்டமில்லை.

அந்தப் பிழைப்பை பெசன்ட் நகரின் மீனவர் பகுதியான ஊரூர் குப்பத்தில் விடிந்ததும் பார்க்கலாம். ஃபைபர் படகுகள் கரையேறும். வலையில் சிக்கிய கவலை மீனையும் சங்கரா மீனையும் ஒவ்வொன்றாக உதறி எடுப்பார்கள். கூடை நிரம்புவதற்குள் விலை பேச்சு ஆரம்பித்துவிடும். வேடிக்கை பார்க்கும் வெளியூர்ப் பையனை யாரும் கண்டுகொள்வதில்லை, வழியை மறைத்தால் மட்டும் ஒரு அதட்டல் விழும். எட்டு மணிக்கு மேல் மணலில் நிற்க முடியாது. பக்கத்திலேயே, அடையாறு முகத்துவாரத்தின் தென்கரையில், 1882 முதல் இருக்கிற தியசாபிகல் சொசைட்டியின் பெருந்தோப்பு. அங்குள்ள ஆலமரத்தின் தாய்மரம் 1989-ல் காற்றில் சாய்ந்துவிட்டது. இப்போது நிழல் தருவதெல்லாம் அதன் விழுதுகள். உச்சி வேளையில் மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலில் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். சுற்றுலாக்காரர்களுக்கு இது எரிச்சல். ஆனால் ஊரே மதியம் கண்ணயரும்படி பொழுதை வகுத்து வைத்திருக்கிறது என்று பார்த்தால், ஓய்வெடுக்க வந்தவருக்கு இதைவிட நல்ல கால அட்டவணை கிடைக்காது. சாப்பிட்டுத் தூங்கலாம். பருத்திச் சட்டை கொண்டுவராதவர்கள் மட்டும் ரங்கநாதன் தெருத் துணிக்கடைகளில் ஒரு தடவை நசுங்கிவிட்டு வரட்டும்.

வெயில் தாங்காதே என்பார்கள். மே மாதத்தில் நாற்பது டிகிரியைத் தொடும் ஊர்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வெயிலே அதற்கான மாற்றையும் கொண்டுவருகிறது. நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடேறும். அதன்மேல் உள்ள காற்று எழும்ப, கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று உள்ளே புகும். கோடையில் மேற்குக் காற்று பலமாக வீசும் நாட்களில் இந்தக் கடற்காற்று தாமதமாக வரும், சில நாள் வராமலே போகும். அன்றைக்குத்தான் ஊர் வெந்துபோகிறது. பொங்கலிலிருந்து மார்ச் வரை இந்தத் தொல்லை குறைவு. மார்கழி இரண்டுங்கெட்டான். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. 2016-ல் வர்தா புயலும் 2023-ல் மிக்ஜாம் புயலும் டிசம்பரில்தான் வந்தன. ஆனாலும் இளையவர்களுக்கு மார்கழியைச் சிபாரிசு செய்ய ஒரு காரணம் உண்டு: பல இசை சபாக்களில் மதியக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. பாடுகிறவர்களும் பெரும்பாலும் இருபது வயதுக்காரர்கள். கேட்டுவிட்டு கேன்டீனில் காபி குடிக்கிற காசுதான் செலவு.

குளிக்க முடியாத கடல் என்ன கடல் என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். அதற்கு என்னிடம் பதில் இல்லை, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அலை உள்ளிழுக்கும் கரை இது. மெரினாவில் போலீஸ் குளிக்க விடுவதில்லை. பெசன்ட் நகர் மணலில் நிற்கும் வெள்ளை வளைவு, 1930-ல் நீரில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க்காரர் ஷ்மிட்டின் நினைவுச் சின்னம்தான். நீச்சல்தான் வேண்டும் என்றால் வேறு ஊர் பார்ப்பது நல்லது. அடையாற்றில் கழிவுநீர் கலப்பதையும் மறைக்க முடியாது. மெரினாவின் அகலமும் இயற்கையாக வாய்த்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர்களைக் கடலுக்குள் நீட்டினார்கள். வடக்கு நோக்கி நகரும் மணல் அவற்றின் தெற்கே தேங்கியது. நாம் காலாற நடக்கும் மணல் வடசென்னைக் கரைக்குப் போகாமல் நின்றது. அதனால்தான் அங்கே கடல் வீடுகளைத் தின்றுகொண்டிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு நடப்பதால் ஓய்வு கெட்டுவிடாது.

போக்குவரத்து பெரிய விஷயமில்லை. பறக்கும் ரயிலில் திருமயிலையில் ஏறினால் திருவான்மியூர் போகச் சில்லறைக் காசு போதும். இரவில் என்ன செய்வது என்றுதான் இளையவர்கள் கேட்பார்கள். பாருக்கும் டிஸ்கோவுக்கும் புகழ்பெற்ற ஊரில்லை. கடற்கரையிலிருந்தும் பத்து மணிவாக்கில் போலீஸ் கிளப்பிவிடும். ஆனால் ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறுகின்றன. 1988-ல் தொடங்கிய மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறது. வார இறுதிகளில் பொதுமக்களையும் கூட்டிப்போகிறார்கள். ஆமை வரும் என்று உத்தரவாதமில்லை. செத்து ஒதுங்கியதையும் பார்க்க நேரலாம். 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கில் இந்தக் கரையோரம் ஒதுங்கின. டார்ச் அடிக்கக் கூடாது, செருப்பில் மணல் ஏறும், முடிகிறபோது விடியற்காலை ஆகிவிடும். மதியம் தூங்கி எழுந்தவர்களுக்குத்தான் அது கட்டுப்படியாகும்.