தம்பலகாமத்து விவசாயி யார் சொல்லைக் கேட்கிறார்?

தை மாதத்து முற்பகல் ஒன்றில், தம்பலகாமத்துப் பசளைக் கடையொன்றில் நான் நின்றிருந்தபோது, அறுபது வயது மதிக்கத்தக்க விவசாயி ஒருவர், வேரோடு பிடுங்கிய நெற்பயிரைச் சொப்பிங் பையிற் சுற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். கடைக்காரர் அடித்தண்டை விரலால் தட்ட, எள்ளளவான கபிலநிறப் பூச்சிகள் சில உதிர்ந்தன.

"அறக்கொட்டிதான் ஐயா. பக்கத்து வயலுக்கு என்ன அடிச்சவங்க?"

"அவர் இன்னும் ஒண்டும் அடிக்கல்ல தம்பி."

மருந்து விற்பவரே அயல் வயலின் செய்தியை முதலில் விசாரித்த அந்தக் கேள்வியில், திருகோணமலை மாவட்டத்து விவசாயத் தீர்மானங்களின் சூட்சுமம் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. விவசாயிக்குப் புத்திமதி சொல்ல அரசாங்கம் திறந்துவைத்த வாயில்கள் குறைவல்ல. கமநல சேவை நிலையம் உண்டு, விவசாயப் போதனாசிரியர் உண்டு, 1920 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தால் ஆலோசனை சொல்ல விவசாயத் திணைக்களமே உண்டு. ஆயினும் பயிரைப் பிடுங்கிக்கொண்டு அவர் போவது கடைக்கே. ஏனெனில் கடை அருகில் இருக்கிறது, சூடடித்தபின் தீர்க்கும் கடனுக்கு மருந்து தருகிறது. கடன் கொடுத்தவருக்குத் தம் விளைச்சலில் ஓர் அக்கறை இருக்கத்தான் செய்யும் என்பது விவசாயியின் கணக்கு; அந்த அக்கறை போத்தலை விற்பதிலும் உண்டு என்பதை அவர் அறியாதவருமல்லர்.

கிராமத்துக்குள்ளேயே ஓர் உத்தியோகத்தர் இருந்த காலமும் உண்டு. 1989 இல், விவசாய விரிவாக்கப் பணியில் கிராம மட்டத்தில் நின்ற ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் நாடெங்கும் கிராம சேவகர்களாக மாற்றப்பட்டார்கள். வரம்பில் நடந்தவர்கள் மேசைக்குப் போனார்கள். அவர்கள் விட்டுப்போன இடத்தைக் கடைக்காரர் நிரப்பிக்கொண்டார் என்று சொன்னால் அது மிகையாகாது.

இது நம்மவர்க்கு மட்டும் உரிய சுபாவமென்று எண்ணவேண்டியதில்லை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கலப்பினச் சோள விதை பரவிய வரலாற்றை ஆராய்ந்து, ரையன், குரொஸ் என்னும் இருவர் 1943 இல் வெளியிட்ட ஆய்வும் இதனையே கண்டது: விதையைப் பற்றிய செய்தியை முதலிற் கொண்டுவந்தவர் பெரும்பாலும் விற்பனையாளர், அதை விதைக்கலாம் என்ற துணிவைக் கொடுத்தவர் அயலவர். செய்தி வேறு, விசுவாசம் வேறு.

ஆனால் அயோவாக்காரருக்கு இல்லாத ஒரு விலங்கு நம்முடைய விவசாயிக்கு உண்டு; அது தண்ணீர். கந்தளாய்க் குளத்தின் கீழ் எந்தத் திகதியில் மதகு திறப்பது, எந்தத் திகதிக்குள் விதைப்பை முடிப்பது, மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா, மாடுகளை வயல்வெளியிலிருந்து எப்போது அப்புறப்படுத்துவது என்பனவெல்லாம், போகந்தோறும் கூடும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் தீர்மானமாகின்றன. ஒருவர் தனியே நீண்ட வயது நெல்லை விதைத்தால், ஊர் முழுவதும் அறுவடைக்குக் காயும் நேரத்தில் அவர் வயல் மட்டும் தண்ணீருக்கு ஏங்கும். கிளிக்கும் எலிக்கும் அது தனி விருந்தாகும். நீர் பங்கிட்ட பழைய விதானைமாரின் பதவியை 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் அகற்றிப் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது; எனினும் 'வட்டவிதானை' என்னும் பெயர் கிழக்கின் வயல்களில் இன்னும் வழங்குகிறது. நகரத்தார் பிடிவாதம் என்று சொல்வதிற் பாதி, பங்காளிகளோடு ஒத்துப்போகும் நிர்ப்பந்தமே.

அத்தகையோரிடம் மேலிருந்து கட்டளையொன்று வந்தது. 2021 மே 6 ஆம் திகதி வர்த்தமானி மூலம் இரசாயனப் பசளைக்கும் கிருமிநாசினிக்கும் இறக்குமதித் தடை விதிக்கப்பட்டது. நவம்பரில் அது தளர்த்தப்பட்டபோது பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. அந்தப் போகத்தில் நாட்டின் நெல் உற்பத்தி முந்திய பெரும்போகத்திலும் மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்தது. சேதனப் பசளை நல்லதா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும்; சாணமும் குழையும் வயலுக்கு நல்லவை என்று தம்பலகாமத்தாருக்கு யாரும் உபதேசிக்க வேண்டியதில்லை. பரீட்சார்த்தமாக ஒரு வரவையிற்கூடச் செய்துகாட்டாமல் நாடு முழுவதையும் அயலவரின் வயல் இல்லாத வயலாக்கியதே பிழை என்பது என் அபிப்பிராயம்.

அறக்கொட்டியின் விஷயத்துக்கு வருவோம். யூரியா மிஞ்சினால் அது பெருகும்; கண்டபடி மருந்தடித்தால் அதைத் தின்னும் சிலந்திகள் முதலில் மடியும். இதைச் சொல்லி நம்பவைப்பது கடினம். ஆகவேதான் இந்தோனேசியாவில் 1989 இல் தொடங்கிய வயற் பள்ளிகளில், விவசாயிகள் போகம் முழுவதும் வாரம் ஒரு காலை வயலில் இறங்கி, பூச்சியையும் சிலந்தியையும் தாமே எண்ணினார்கள்.

அன்றைக்குக் கடையிலிருந்து போத்தலோடு புறப்பட்ட பெரியவரை, சற்று நேரத்தின்பின் வாய்க்காற் கரையில் கண்டேன். சைக்கிளைச் சரித்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மருந்தடிக்காத அந்த அயல் வயலுக்குள் இறங்கிப் பயிரைக் கையால் விலக்கி அடித்தண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். போத்தல் இன்னும் உடைக்கப்படாமல் சைக்கிளிலேயே தொங்கியது.