மடிக்கணினித் திரையில் கோடு: குற்றவாளி யார்?

ஆறேழு ஆண்டுகள் உழைத்த மடிக்கணினி ஒருநாள் திரையின் குறுக்கே பச்சைக் கோடு ஒன்றைப் போட்டுக்கொண்டு விழிக்கிறது. இன்னொன்றில் மூடியைச் சற்றுச் சாய்த்தால் படம் வருகிறது, நிமிர்த்தினால் போய்விடுகிறது. வேறொன்றில் வெள்ளைப் பக்கமெல்லாம் ரோஜா நிறம். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்: ‘டிஸ்ப்ளே போச்சு’ அல்லது ‘போர்டு போச்சு’. இரண்டுமே பர்ஸைப் பதம் பார்ப்பவை. ஆனால் உண்மையில் கெட்டது அவற்றைவிடப் பல மடங்கு மலிவான ஒரு கேபிளாக இருக்கலாம். எதுவுமே கெடாமல்கூட இருக்கலாம்.

எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க, படம் வரும் வழியைத் தெரிந்துகொண்டால் போதும். படம் உருவாவது மதர்போர்டில் உள்ள கிராஃபிக்ஸ் சிப்பில். அங்கிருந்து மெல்லிய கம்பிகள் அடங்கிய ஒரு கேபிள் வழியாக, ஹிஞ்ச் எனப்படும் கீலைக் கடந்து மூடிக்குள் ஏறுகிறது. பேனலின் விளிம்பில் இருக்கும் சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை அதை வாங்கி, ஓரத்தில் வரிசையாக ஒட்டியிருக்கும் டிரைவர் சிப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. 1366-க்கு 768 என்ற அளவுள்ள சாதாரணத் திரையில் 10,49,088 புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று உட்புள்ளிகள். ஆக மொத்தம் 31,47,264. இவை எதுவும் தானாக ஒளிர்வதில்லை. பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தை மறைப்பதும் விடுவதும்தான் இவற்றின் வேலை.

சிப், கேபிள், பேனல், பின்விளக்கு. இந்த நால்வரில் ஒருவர்தான் பெரும்பாலும் குற்றவாளி.

ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன்

முதல் சோதனைக்கு வீட்டு டிவியே போதும். எச்டிஎம்ஐ கேபிளால் மடிக்கணினியை அதோடு இணைக்க வேண்டும். டிவியிலும் அதே கோடு, அதே நிறக் குழப்பம் தெரிந்தால் சந்தேகம் சிப்பின் மீதோ டிரைவர் மென்பொருளின் மீதோ விழுகிறது. டிவியில் படம் சுத்தமாக வந்தால் கேபிளையோ பேனலையோதான் பார்க்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: இரண்டு கிராஃபிக்ஸ் சிப்புகள் உள்ள சில மாடல்களில் எச்டிஎம்ஐ துளை ஒரு சிப்போடும், சொந்தத் திரை இன்னொன்றோடும் இணைந்திருக்கும். அங்கே இந்தச் சோதனையை மட்டும் நம்ப முடியாது.

இரண்டாவது, ஸ்க்ரீன்ஷாட். கோளாறு தெரியும் நேரத்தில் ஒன்று எடுத்து, அதைக் கைபேசிக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும். கைபேசியில் திறந்த படத்திலும் கோடு இருந்தால், படம் உருவாகும் இடத்திலேயே அது கெட்டிருக்கிறது. இல்லையென்றால் அந்தக் கோடு பின்னால், வழியில் எங்கோ சேர்ந்துகொண்டது.

மூன்றாவது, பயாஸ் திரை. கணினியை இயக்கியதும், விண்டோஸ் எழும் முன்பே திறக்கும் அமைப்புப் பக்கம் இது. அங்கேயும் கோடு தெரிந்தால் விண்டோஸை அழித்து மறுபடி நிறுவுவது வீண் வேலை. டெல் மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. டெல் என்ற பெயரின் முதல் எழுத்தான ‘டி’ விசையை அழுத்திப் பிடித்தபடி பவர் பொத்தானை அழுத்தினால், பெரும்பாலான மாடல்களில் திரை தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். முழுத் திரையும் ஒவ்வொரு நிறமாக மாறி வரும். அந்த நிறங்களின் மீதும் கோடு கிடந்தால் பேனலில்தான் கோளாறு.

நான்காவது, மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசைப்பது. கோணம் மாறும்போது படம் துடித்தாலோ நிறம் மாறினாலோ கீல் வழியாகப் போகும் கேபிளைத்தான் பிடிக்க வேண்டும். ஒரே இடத்தில் மடித்து மடித்து அறுந்துபோகும் சார்ஜர் ஒயரைப் போல, ஆயிரக்கணக்கான தடவை மூடித் திறந்ததில் அதன் கம்பிகள் உள்ளே நைந்திருக்கும். சில சமயம் இணைப்பு முனை லேசாகக் கழன்றிருக்கும். எடுத்துத் திரும்பச் செருகினாலே சரியாகிவிடும்.

கோடும் இருட்டும்

மேலிருந்து கீழாக, எப்போதும் ஒரே இடத்தில், ஊசி போல் ஒரு கோடு நிற்கிறதா? டிரைவர் சிப்பைக் கண்ணாடியோடு இணைக்கும் பட்டையில் ஒரு தடம் விட்டுப்போயிருக்க வாய்ப்பு அதிகம். மின்சாரம் கடத்தும் ஒருவகைப் பசைப் படலம்தான் அந்த இணைப்பைப் பிடித்து வைத்திருக்கிறது. சூடும் அழுத்தமும் வயதும் சேர்ந்து அதைத் தளர்த்துகின்றன. திரைச் சட்டத்தின் ஓரத்தை லேசாக அழுத்தினால் கோடு மறைந்து மறைந்து வரும். தெருமுனைக் கடையில் ஒட்டித் தரக்கூடிய வேலை அல்ல இது. பேனலையே மாற்ற வேண்டியிருக்கும்.

திரை முழுக்க இருண்டுவிட்டால் டார்ச் உதவும். கணினியை இயக்கி, கைபேசி டார்ச்சைத் திரையின் மீது சாய்வாக அடித்துப் பார்க்க வேண்டும். மங்கலாக ஐகான்கள் தெரிந்தால் பேனல் உயிரோடுதான் இருக்கிறது, அணைந்தது பின்விளக்கு. 2000-களின் மடிக்கணினிகளில் இந்த விளக்கு மெல்லிய ஃப்ளோரசன்ட் குழாய். அதற்கு நூற்றுக்கணக்கான வோல்ட் கொடுக்க இன்வர்ட்டர் என்ற தனிப் பலகை இருந்தது. குழாய் கிழடானால், இயக்கியவுடன் திரை சிவந்து, சூடேறிய பிறகு தெளியும். பிறகு வந்த எல்இடி விளக்குகள் இந்தத் தொல்லையைத் தீர்த்தன. ஆனாலும் அவற்றுக்கு மின்சாரம் கொண்டுபோகும் கம்பி அறுந்தால் அதே இருட்டுத்தான்.

இதற்குப் பேர்போன உதாரணம் ஆப்பிளின் 2016-ஆம் ஆண்டு மேக்புக் ப்ரோ. மூடியைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே ஒரு பட்டைக் கேபிள் பலகையின் மீது சுற்றி இழுபட்டது. நாளடைவில் அது நைந்ததும், திரையின் அடிப்பகுதியில் நாடக மேடை விளக்குகள் போட்டதுபோல வெளிச்சத் திட்டுகள் தோன்றின. பிறகு திரை அணைந்தது. பயனர்கள் இதற்கு ‘ஃப்ளெக்ஸ்கேட்’ என்று பெயர் வைத்தார்கள். 2018 மாடலில் அந்தக் கேபிள் 2 மில்லிமீட்டர் நீளமாக்கப்பட்டிருப்பதை ஐஃபிக்ஸிட் நிறுவனத்தார் பிரித்துப் பார்த்துச் சொன்னார்கள். 2019 மே மாதத்தில் 13 அங்குல மாடல்களுக்கு இலவசப் பழுதுபார்ப்புத் திட்டத்தை ஆப்பிள் அறிவித்தது.

சிப்பே கெடும்போது

திரை முழுவதும் சதுரம் சதுரமாகச் சிதறல், விநோத எழுத்துகள், சூடேறியதும் உறைந்துபோவது, டிவியிலும் அதே காட்சி. இவை கிராஃபிக்ஸ் சிப்பைச் சுட்டும் அடையாளங்கள். சூடாவதும் ஆறுவதுமாக ஆண்டுகள் கழியும்போது, சிப்பைத் தாங்கும் நுண்ணிய ஈயப் பற்றுகளில் விரிசல் விழுகிறது.

2008 ஜூலையில் என்விடியா நிறுவனம் தன் மடிக்கணினி சிப்புகள் சிலவற்றில் பொருள் கலவை பலவீனமாக இருப்பதை ஒப்புக்கொண்டு, மாற்றிக் கொடுக்கும் செலவுக்கென 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. டெல், எச்பி, ஆப்பிள் கணினிகளில் அந்தச் சிப்புகள் இருந்தன. 2011 மேக்புக் ப்ரோக்களில் ஏஎம்டி சிப்புகளால் திரை சிதறியபோது, ஆப்பிள் 2015 பிப்ரவரியில் இலவசமாகச் சரிசெய்து தர முன்வந்தது.

அந்தக் காலத்தில் பலகையைக் கழற்றி, சமையலறை அவனில் வைத்துச் சூடாக்கியவர்கள்கூட உண்டு. சில கணினிகள் பிழைத்தும் எழுந்தன. சூட்டில் விரிசல் தற்காலிகமாகச் சேர்ந்துகொண்டதே காரணம். சில வாரங்களிலோ மாதங்களிலோ பழைய கதை திரும்பியது. கடைகளில் செய்யும் ‘ரீபால்’ வேலை, சிப்புக்கும் பலகைக்கும் நடுவே உள்ள பற்றுகளைத்தான் புதுப்பிக்கும். விரிசல் சிப்பின் உள்ளேயே இருந்தால் அதுவும் நிற்காது.

எதுவும் கெடாத கோளாறுகள்

மணிக்கட்டில் காந்தப் பட்டை வைத்த ஸ்மார்ட்வாட்ச். தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே திரை பட்டென்று அணைகிறது. கையை எடுத்தால் வந்துவிடுகிறது. மூடி மூடப்பட்டதா என்று அறிய மூடியில் ஒரு காந்தமும், உடற்பகுதியில் அதை உணரும் சென்சாரும் இருக்கின்றன. வெளிக் காந்தம் அந்த சென்சாரை ஏமாற்றுகிறது. ஒரு மடிக்கணினியின் மீது இன்னொன்றை அடுக்கி வைத்தாலும் இதே விளையாட்டு நடக்கும்.

திரை விடாமல் துடிக்கிறது என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொல்கிறது மைக்ரோசாஃப்ட். மற்றவற்றோடு அதுவும் துடித்தால் டிரைவர் மென்பொருளில் கோளாறு. அது மட்டும் அசையாமல் நின்றால் ஏதோ ஒரு செயலி ஒத்துவரவில்லை. பேட்டரியில் ஓடும்போது மட்டும் வெளிச்சம் ஏறி இறங்கினால் மின்சாரம் மிச்சப்படுத்தும் அமைப்பு தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். அமைப்புகளில் போய் அதை நிறுத்திவிடலாம்.

கடைக்குப் போகும் முன்

புது பேனல் வாங்க மடிக்கணினியின் மாடல் பெயர் மட்டும் போதாது. ஒரே மாடலில் வெவ்வேறு நிறுவனப் பேனல்கள் வந்திருக்கும். பழைய பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணும், இணைப்பு முனை 30 பின்னா 40 பின்னா என்பதும் பொருந்த வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் விசாரித்தாலும் முதலில் இந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.

தாமே பிரித்துப் பார்க்கும் துணிச்சல் உள்ளவர்கள் மறக்கக்கூடாத விதி ஒன்று: திரைக் கேபிளைத் தொடும் முன் சார்ஜரை மட்டுமல்ல, உள்ளே உள்ள பேட்டரி இணைப்பையும் கழற்ற வேண்டும். மின்சாரம் இருக்கும்போது கேபிளைச் செருகினால் பின்விளக்குக்கான ஃபியூஸ் போகலாம். திரைக்கு வந்த சின்ன நோய் மதர்போர்டுக்கும் தொற்றிவிடும். உடற்பகுதி உப்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். அதைக் குத்தாமல், அழுத்தாமல் கடைக்காரரிடம் விட்டுவிடுவதே நல்லது.

கேபிள் என்றால் தயங்காமல் மாற்றலாம். பேனல் என்றால் கணினியின் மற்ற பாகங்கள் நன்றாக இருக்கும்வரை மாற்றுவது நியாயம். பழைய கணினியின் சிப் என்றால், கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொண்டு விடைகொடுப்பதுதான் சிக்கனம். தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் திரை மட்டும் பழுதாகிப் பரணில் கிடப்பது ஏதேனும் இருந்தால், டிவியிலோ பழைய மானிட்டரிலோ இணைத்துப் பிள்ளைகள் தட்டச்சு பழக வைக்கலாம். கடைக்கே கொண்டுபோவதென்றால், கோளாறு தெரியும் நேரத்தில் கைபேசியில் ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிவியில் இணைத்தபோது என்ன தெரிந்தது என்பதையும் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கையோடு கேட்டு வாங்கி வாருங்கள்.