தோல் சொல்லும் மூளை நோய்

குழந்தையின் மூளையில் கோளாறு என்றால் மூளையை வெட்டி எடுத்துச் சோதிக்க முடியாது. ஆனால் பரம்பரை நோயில் பழுதான மரபணு மூளையில் மட்டும் இருப்பதில்லை; உடம்பின் எல்லாச் செல்களிலும் இருக்கிறது. அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் தோலைக் கேட்கிறார்கள்.

கையில் மரத்துப்போக ஊசி போட்டு, மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துண்டு எடுப்பார்கள். அதைப் பொடியாக நறுக்கிச் சத்துநீரில், 37 டிகிரி செல்சியஸில் வைத்தால் ஓரிரு வாரத்தில் துண்டின் ஓரத்திலிருந்து, இரு முனையும் கூரான செல்கள் தட்டில் ஊர்ந்து பரவும். இவை ஃபைப்ரோபிளாஸ்டுகள். பெருகியபின் திரவ நைட்ரஜனில் உறையவைத்துப் பல ஆண்டுகள் பாதுகாக்கலாம்.

இந்தச் செல்கள் துப்புத் துலக்கிய நோய்கள் ஹர்லரும் ஹண்டரும். மியூகோபாலிசாக்கரைடு என்னும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் செல்களில் தேங்கி எலும்பும் இதயமும் கெடும். கடுமையானால் மூளையும் கெட்டு, கற்ற பேச்சும் மறந்துபோகும். உடம்பு இந்தச் சங்கிலிகளை அளவுக்கு மீறி உற்பத்தி செய்கிறதோ என்ற சந்தேகம் இருந்தது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் எலிசபெத் நியூஃபெல்டின் குழு, கதிரியக்கக் கந்தகத்தைச் செல்களுக்குக் கொடுத்துப் பின்தொடர்ந்தது. உற்பத்தியில் கோளாறில்லை, சிதைப்பதில்தான் கோளாறு.

1968இல் அக்குழு ஹர்லர் செல்களையும் ஹண்டர் செல்களையும் ஒரே தட்டில் கலந்து வளர்த்தது. இரண்டிலும் தேக்கம் குறைந்தது! சங்கிலியைச் சிதைக்க ஒன்றிடம் இல்லாத நொதியை மற்றது வெளியே விட, இது உள்ளே இழுத்துக்கொண்டது. அப்படியானால் நொதியை வெளியிலிருந்தும் கொடுக்கலாமே! அந்த வழியில் வந்த ஹர்லர் நொதி மருந்து லாரோனிடேஸ், 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

எல்லா நரம்பு நோய்களையும் தோல் காட்டிக்கொடுக்காது. நரம்பணுவில் மட்டும் வேலை செய்யும் மரபணு தோலில் சும்மா கிடக்கும். அதற்கும் வழி பிறந்தது. 2007இல் ஜப்பானின் ஷின்யா யாமனாகா, மனிதத் தோல் செல்லை ஸ்டெம் செல்லாக மாற்றிக் காட்டினார். அதிலிருந்து நோயாளியின் நரம்பணுக்களையே தட்டில் வளர்க்கலாம்.

ஆனால் ரத்தத்தில் ஏற்றும் லாரோனிடேஸ் மூளைக்குள் போதிய அளவு நுழைவதில்லை. கடுமையான ஹர்லருக்கு, மூளை கெடுமுன் சிறுவயதிலேயே செய்யும் ரத்த ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சைதான் கைகொடுக்கிறது. கற்றதைக் குழந்தை மறக்கத் தொடங்கினால், ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று காத்திருக்காதீர்கள்; உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.