சிபிலிஸ்: எந்தக் கட்டத்தில் எந்தப் பரிசோதனை?

சிபிலிஸ் இருக்கிறதா என்று ஒரே பரிசோதனையில் தீர்மானிக்க முடியாது. தொற்று ஏற்பட்டு எத்தனை நாளாயிற்று, புண் இருக்கிறதா, முன்பு சிகிச்சை எடுத்தவரா என்பதையெல்லாம் கேட்ட பிறகே எந்தப் பரிசோதனை என்று முடிவு செய்ய வேண்டும். வெட்டை நோய்க்கும் கிளமிடியாவுக்கும் சிறுநீரிலோ, கிருமி தங்கிய இடத்துக் கசிவிலோ கிருமியையே தேடுகிறார்கள். சிபிலிஸை உண்டாக்கும் ட்ரெபோனிமா பாலிடம் என்ற சுருள்கிருமி அப்படி எளிதில் அகப்படாது. சாதாரண ஆய்வகத்தில் அதை வளர்க்கவும் முடியாது. அதனால் பெரும்பாலும் அதை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளையே ரத்தத்தில் தேடுகிறார்கள்.

எதிர்ப்பொருள் உருவாக நாளாகும் என்பதுதான் முதல் சிக்கல். தொற்று ஏற்பட்ட 10 முதல் 90 நாட்களுக்குள், பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில், வலியில்லாத ஒரு புண் தோன்றும். அந்தச் சமயத்தில் ரத்தத்தை எடுத்தால் ‘நெகட்டிவ்’ என்று வரக்கூடும். புண்ணின் கசிவை எடுத்து இருட்புல நுண்ணோக்கியில் உடனே பார்த்தால், கறுத்த பின்னணியில் வெள்ளிச் சுருளாகக் கிருமி நெளிவது தெரியும். வாய்ப்புண்ணுக்கு மட்டும் இந்த முறை ஆகாது. வாயில் இயல்பாகவே வாழும் தீங்கற்ற சுருள்கிருமிகளும் அதே போலத்தான் இருக்கும். வசதி உள்ள இடங்களில் புண்ணின் கசிவில் பி.சி.ஆர். செய்யலாம். இரண்டும் இல்லாவிட்டால் சில வாரம் கழித்து ரத்தத்தை மறுபடி பார்க்க வேண்டும். புண் தானாக ஆறிவிடும் என்பதால் பலர் திரும்பி வருவதில்லை. நோய் உள்ளே தொடர்கிறது.

ரத்தப் பரிசோதனைகள் இரண்டு வகை. 1906இல் வாசர்மான் தொடங்கிவைத்த வழியில் வந்தவை வி.டி.ஆர்.எல்., ஆர்.பி.ஆர். இரண்டும். இவை கிருமிக்கான எதிர்ப்பொருளை நேரடியாகத் தேடுவதில்லை. திசு சிதையும்போது வெளிப்படும் கார்டியோலிப்பின் என்ற கொழுப்புப் பொருளுக்கு எதிராக உருவாவதைத் தேடுகின்றன. ஆர்.பி.ஆர். பரிசோதனையில் வெள்ளை அட்டையில் ஒரு சொட்டு சீரத்தோடு கரித்துகள் கலந்த கரைசலைச் சேர்த்து, எட்டு நிமிடம் சுழற்றுவார்கள். துகள்கள் கறுப்புத் திட்டுகளாகத் திரண்டால் ‘ரியாக்டிவ்’. பிறகு சீரத்தை இரண்டு, நான்கு, எட்டு மடங்கு என்று நீர்க்கச் செய்து, எதுவரை திரள்கிறது என்று பார்ப்பார்கள். அறிக்கையில் காணும் 1:8, 1:32 என்ற எண்கள் அதைத்தான் குறிக்கின்றன.

கர்ப்பம், முதுமை, மலேரியா, தொழுநோய், லூபஸ் ஆகியவற்றிலும் இந்தச் சோதனை ‘ரியாக்டிவ்’ காட்டலாம்; அப்போது அளவு பொதுவாக 1:8க்கு மேல் போகாது. முழு உடல் பரிசோதனைப் பட்டியலோடு வி.டி.ஆர்.எல்.லைச் சேர்த்துவிட்டு, இந்த விளக்கம் இல்லாமல் அறிக்கையைக் கையில் கொடுப்பது பெரிய அநீதி. அந்த ஒரு வரி ஒரு குடும்பத்தையே உலுக்கிவிடும். இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. இரண்டாம் கட்டத்தில் எதிர்ப்பொருள் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டால் துகள்கள் சரியாகத் திரளாமல் ‘நெகட்டிவ்’ போலத் தெரியும். உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்பு இருந்தும் அறிக்கை ‘நெகட்டிவ்’ என்றால், சீரத்தை நீர்த்துப் பார்க்கும்படி மருத்துவர் ஆய்வகத்திடம் கேட்க வேண்டும்.

இரண்டாவது வகை டி.பி.எச்.ஏ. போன்றவை. இவை கிருமிக்கென்றே உருவான எதிர்ப்பொருளைக் காட்டும். முதல் வகை ‘ரியாக்டிவ்’ என்றால் இதைக் கொண்டுதான் உறுதி செய்ய வேண்டும். ஆனால் ஒருமுறை பாசிட்டிவ் ஆனவருக்கு, முழுக்கக் குணமான பிறகும் பெரும்பாலும் ஆயுள் முழுக்க அப்படியே நிற்கும். எனவே சிகிச்சை பலித்ததா, மறுபடி தொற்றியதா என்று அறிய டி.பி.எச்.ஏ. உதவாது; அங்கே ஆர்.பி.ஆர். அளவே வழிகாட்டி. ஆரம்பக் கட்ட சிபிலிஸில் பென்சிலின் போட்ட ஓராண்டுக்குள் அந்த அளவு நான்கு மடங்காவது குறைய வேண்டும்: 1:32 இருந்தது 1:8 ஆக. 1:16 என்பது கணக்கில் வராது. ஒப்பிடும்போது அதே முறையை, முடிந்தவரை அதே ஆய்வகத்தில் செய்வது அவசியம்.

சிபிலிஸ் உறுதியானவர் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். தமிழக அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் அது இலவசம். எதிர்ப்பொருளை மட்டும் தேடும் உடனடிச் சோதனையில் ‘நெகட்டிவ்’ வந்தாலும், தொற்ற வாய்ப்பிருந்த நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தால்தான் உறுதி.

கர்ப்பிணிக்கு முதல் வருகையிலேயே பரிசோதனை தேவை. தாயிடமிருந்து சிசுவுக்குத் தொற்றினால் கரு கலையலாம், குழந்தை இறந்தே பிறக்கலாம். உரிய காலத்தில் போடும் பென்சிலின் ஊசி இதைத் தடுக்கும். தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே கடந்துவருவதால், பிறந்த குழந்தையின் ரத்தம் ‘ரியாக்டிவ்’ என்பதை மட்டும் வைத்து நோய் என்று முடிவுகட்டக் கூடாது. தாய்க்கும் குழந்தைக்கும் ஒரே முறையில் அளந்து, குழந்தையின் அளவு நான்கு மடங்கு கூடுதலாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்படி இல்லாவிட்டாலும், குழந்தையின் உடலில் அறிகுறி உண்டா, தாய் பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பாவது சிகிச்சை எடுத்தாரா என்பதைப் பார்த்தே குழந்தைக்கு மருந்து தேவையா என்று தீர்மானிக்கிறார்கள்.