நகையின் அயலிலே அழுகை

சென்ற தவணையிலே பால பண்டித வகுப்பு மாணவருக்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் நகை பிறக்கும் நிலைக்களன்கள் என விளக்கி, எள்ளலுக்கு உதாரணம் ஒன்று கூறுமாறு வினவினேன். குறும்பன் ஒருவன் வாய் திறவாது, அடுத்த வாங்கில் இருந்தவனுடைய காலைச் சுட்டிக்காட்டினான். அப்பிள்ளை வார் அறுந்த செருப்பைச் சணற்கயிற்றினாற் கட்டியிருந்தான். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. உதாரணம் பொருந்திவிட்டதே என்று நானும் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். மாலையிலே அவன் அச்செருப்பைக் கையிற் பிடித்தவாறு, வெறுங்காலுடன் வீதியிற் செல்லக் கண்டேன். என் மனம் சுட்டது.

அன்றிரவு, சார்ளி சப்ளின் 1964 ஆம் ஆண்டில் வெளியிட்ட சுயசரிதையை மீண்டும் எடுத்து வாசித்தேன். உலகையெல்லாம் சிரிக்கவைத்த அந்நடிகர் 1889 இல் இலண்டனிற் பிறந்தவர். தாயும் தந்தையும் மேடைப் பாடகர்கள். தந்தையார் பிரிந்து வாழ்ந்தார். தாயார் முதலிற் குரலையும் பின்னர் உடல்நலத்தையும் இழந்தார். 1896 இல், ஏழு வயதிலே, தாயோடும் தமையனோடும் வறியோர் விடுதியில் அடைக்கலம் புகும் நிலை சப்ளினுக்கு ஏற்பட்டது.

அவ்விளமைக் காலத்து நிகழ்ச்சி ஒன்று அந்நூலில் உளது. அவர்கள் குடியிருந்த தெருக்கோடியிலே ஆடு வெட்டுமிடம் ஒன்று இருந்தது. ஒருநாள் செம்மறியாடொன்று தப்பியோடிற்று. பிடிக்க ஓடியோர் தடுக்கி விழுந்தனர், கண்டோர் நகைத்தனர், சிறுவன் சப்ளினும் மகிழ்ந்து சிரித்தான். ஆடு பிடிபட்டு உள்ளே கொண்டுசெல்லப்பட்டபோதுதான் அதற்கு நேரவிருப்பது அவனுக்கு விளங்கிற்று. அலறியழுதுகொண்டு தாயிடம் ஓடினான். துன்பத்தையும் நகையையும் பிணைத்துத் தாம் பின்னாளில் ஆக்கிய படங்களுக்கு இந்நிகழ்ச்சியே வித்தாயிற்றோ என்று சப்ளின் எண்ணிப் பார்க்கிறார்.

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாட்டுள் நகையை முதலாகவும், அழுகையை அதன் அயலிலும் நிறுத்தினார். அழுகைக்கு அவர் வகுத்த களன்கள் நான்கனுள் ஒன்று வறுமை. அவ்வறுமையிலிருந்தே சப்ளின் நகையைப் படைத்தார். 1925 இல் வெளிவந்த ‘கோல்ட் றஷ்’ படத்திலே, பனிமலைக் குடிசையிற் பசியால் வாடும் நாயகன் தன் சப்பாத்தை அவித்து உண்கின்றான். அதன் ஆணியை எலும்பெனச் சூப்புகின்றான். காண்போர் வயிறு குலுங்கச் சிரிப்பர். ஆயின், அக்காட்சியின் மூலமோ பெருந்துயரம். 1846 ஆம் ஆண்டிலே கலிபோர்னியாவை நோக்கிப் புறப்பட்டு, மலைப்பனியிற் சிக்குண்டு, தோற்காலணியையும் இறந்தோர் உடலையும் உண்ண நேர்ந்த குடியேறிகளின் வரலாறே அது. இயற்கையின் முன் கையற்று நிற்கும் மனிதன் சிரித்தேயாகவேண்டும். அன்றேல் பித்தனாவான் என்பது சப்ளினின் கருத்து.

இங்கே நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. பசியறிந்தவன் தன் பசியைத் தானே காட்டிச் சிரிப்பித்தல் வேறு. பிறன் பசியைச் சுட்டிச் சிரித்தல் வேறு. முன்னையது துணிவு, பின்னையது கொடுமை. 1940 இல் ஹிட்லரை எள்ளித் தாம் எடுத்த படத்தைக் குறித்தும் சப்ளின் ஒன்று கூறுகின்றார்: வதைமுகாம்களின் உண்மைக் கொடூரத்தை அன்று அறிந்திருப்பின் அப்படத்தை எடுத்திருக்க இயலாது என்பதே அது. எள்ளுதற்குத் தக்கவனை எள்ளியவரே, எள்ளலுக்கும் எல்லையுண்டு என்று கண்டார்.

மறுநாள் வகுப்பிலே, “நேற்று நான் ஏற்றுக்கொண்ட உதாரணம் பிழை” என்று கூறி, அந்த ஆட்டின் கதையைச் சொன்னேன். செருப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. முதல்நாள் சுட்டிக்காட்டிய மாணவனே எழுந்து, “ஐயா, அந்த ஆட்டைத் துரத்தியவர்களோடு நாங்களும் ஓடினோமா?” என்று கேட்டான்.

“நான் உங்களுக்கு முன்னே ஓடினேன்” என்றேன்.

இருபத்தைந்து ஆண்டுகளாக ‘நகை, அழுகை’ என்று வரிசை சொல்லிக் கற்பித்தவன் யான். அவ்வரிசைக்கும் ஒரு பொருள் இருத்தல் கூடும் என்று எனக்குத் தோன்றியது அன்றுதான்.